நான்கு அறை வீட்டில் தொடங்கிய சிஸ்விக் காப்பகம்: கேள்வி பதில்

லண்டனில் பெண்கள் காப்பகம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். மேற்கு லண்டனின் சிஸ்விக் பகுதியில், கணவனிடம் அடிபட்ட பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்கிய சிஸ்விக் காப்பகம் வளர்ந்த கதையைப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அடிபட்ட பெண்களுக்காகவே தொடங்கியதா அக்கா?

இல்லை. 1971-ல் எரின் பிட்ஸியும் சில பெண்களும் அந்தப் பகுதியின் உள்ளாட்சியான ஹவுன்ஸ்லோ கவுன்சிலிடம் கேட்டு, சிஸ்விக்கின் பெல்மான்ட் டெரஸ் தெருவில் நான்கு அறை கொண்ட ஒரு பாழடைந்த வீட்டைப் பெற்றார்கள். பிள்ளைகளோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அம்மாக்கள் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும், அவ்வளவுதான் எண்ணம். ஆனால் உடம்பெல்லாம் காயத்தோடு வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றார்கள், தங்க வைத்தார்கள். அப்புறம் செய்தி பரவிவிட்டது.

கேள்வி: உதவி செய்தவர்கள் மேல் கவுன்சிலே வழக்குப் போட்டதாமே?

ஆமாம். சிஸ்விக் ஹை ரோட்டில் பெரிய வீட்டுக்கு மாறிய பிறகும் இடம் போதவில்லை. 36 பேருக்கு மேல் கூடாது என்று கவுன்சில் சொல்லியிருக்க, 1976-ல் அதிகாரி போய்ப் பார்த்தால் உள்ளே 75 பேர்! எல்லாரும் ஒரே குடும்பமாக வாழ்கிறோம், அந்த வரம்பு எங்களுக்குப் பொருந்தாது என்று பிட்ஸி தரப்பு அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை வாதாடித் தோற்றது. நெரிசலில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடுராத்திரியில் கைக்குழந்தையோடு ஒருத்தி கூப்பிடும்போது "இடமில்லை" என்று சொல்ல வேண்டிய நிலைமை எனக்கும் வந்திருக்கிறது, போனை வைத்த பிறகு தூக்கமே வராது. அதனால் அந்தக் கதவை அவர்கள் சாத்தாமல் இருந்ததுதான் சரி என்பேன். இடத்துக்காக 1975-ல் ரிச்மண்டில் காலியாகக் கிடந்த பாம் கோர்ட் ஹோட்டலுக்குள் போய்க் குடியேறவும் செய்தார்கள்.

கேள்வி: மற்ற ஊர்களுக்கு எப்படிப் பரவியது?

அங்கங்கே பெண்கள் தாங்களாகவே தொடங்கினார்கள். 1974-ல் கிட்டத்தட்ட 40 காப்பகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆயின. பிட்ஸிக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை, அது தனிக் கதை. 1976 சட்டத்தால் அடிக்கிற கணவனை வீட்டை விட்டு வெளியேற்ற நீதிமன்றத்துக்கு வழி கிடைத்தது. அடுத்த வருஷச் சட்டம், அடிக்குப் பயந்து வெளியேறியவளையும் வீடற்றவளாகவே கணக்கில் எடுத்தது. சிஸ்விக் அமைப்பு 1993-ல் 'ரெஃப்யூஜ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கேள்வி: குரோய்டனில் இருக்கும் என் தோழி, கணவர் மூலமாகக் கிடைத்த துணைவர் விசாவில் வந்தவள். அரசு உதவி கிடையாது என்று விசாவிலேயே போட்டிருக்கிறது. காப்பகத்தில் சேர்ப்பார்களா?

இது பலர் மாட்டிக்கொள்கிற இடம், கவனமாகப் படியுங்கள். காப்பக வாடகை பெரும்பாலும் அரசு தரும் வீட்டு உதவித்தொகையிலிருந்துதான் வருகிறது. உங்கள் தோழி போன்றவர்களுக்கு அது கிடைக்காததால் பல காப்பகங்கள் தயங்கின. சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் உரிமை அமைப்புகள் வருஷக்கணக்கில் போராடியதால், கணவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருந்து, வன்முறையால் உறவு முறிந்திருந்தால், 3 மாதம் அரசு உதவி பெறும் சலுகை 2012-ல் வந்தது. ஆனால் அதற்கு விண்ணப்பித்தால் இப்போதுள்ள விசாவின் நிலை மாறும், ஆகவே குடிவரவு வக்கீலிடம் பேசாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் வீட்டு வன்முறைக்கான உதவி எண் 0808 2000 247-க்கு அழைக்கட்டும். 24 மணி நேரமும் இலவசம், நடத்துவது அதே ரெஃப்யூஜ் அமைப்புதான். பேசி முடித்ததும் போனிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ்' என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள்.