ஐந்து சாக்சபோன்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன வாரக் குறிப்பில் பிரேசில் இசையமைப்பாளர் ராதமேஸ் ஞத்தாலியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்ததில் மனசு கனத்துவிட்டது. தங்கப் பதக்கத்தோடு கன்சர்வேட்டரி என்கிற இசைப் பள்ளியை முடித்த பியானோ கலைஞர், கடைசியில் முப்பது வருஷம் ரேடியோவில் அடுத்தவர் பாட்டுக்கு நோட்ஸ் எழுதியே கழித்திருக்கிறார். நானும் பியானோவில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டு மெல்லிசைக் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறேன். “வீணாப் போயிட்டியேடா” என்பார் என் டீச்சர், பார்க்கும்போதெல்லாம். ஞத்தாலியும் அப்படி வீணாய்ப் போனவர்தானா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் டீச்சருக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஞத்தாலி விஷயத்தில் சொல்லலாம்.

நீங்கள் பார்த்த துயரம் பொய்யில்லை. 1906இல் போர்ட்டோ அலெக்ரேயில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அப்படியொரு ஓபராப் பித்து; பிள்ளைகளுக்கு ராதமேஸ், அயிதா, எர்னானி என்று இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்தியின் பாத்திரங்களாகப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ரியோவுக்கு அவர் வந்தது கச்சேரிப் பியானோ கலைஞராக. இசைக் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்காகக் காத்திருந்தார். 1930இல் ஆட்சி கவிழ்ந்தது, எதிர்பார்த்த தேர்வு நடக்கவேயில்லை. வயிற்றுப்பாட்டுக்கு நடன இசைக்குழுக்களில் வாசித்தார். ஜனரஞ்சகமாக எழுதியதையெல்லாம் ‘வேரோ’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். மனைவி பெயர் வேரா, அதிலிருந்து எடுத்தது. சொந்தப் பெயரைப் போட அவருக்கே கூச்சமாக இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1936இல் ரியோவில் ரேடியோ நாசியோனால் என்ற வானொலி நிலையம் தொடங்கியபோதே அங்கே சேர்ந்துவிட்டார். அந்த நாளில் பிரேசிலின் நடன இசையான சாம்பாவுக்குப் பெரிய இசைக்குழு வாசித்தால், தாளம் ஒரு மூலையில் தனியாகக் கிடக்கும், மற்றவர்கள் மேலே மெட்டை வாசித்துக்கொண்டிருப்பார்கள். டிரம்ஸ் வாசித்த லூசியானோ பெரோனே, தாளம் முழுவதையும் தன் தலையில் கட்டியிருப்பதாக அலுத்துக்கொண்டு, கொஞ்சத்தைக் காற்று வாத்தியங்களுக்குத் தரச் சொன்னார். ஞத்தாலி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தம்போரிம் என்று ஒரு சின்னப் பறை உண்டு, ஒற்றைக் குச்சியால் தட்டுவது. அதன் அடிகளைக் காற்று வாத்தியங்களுக்கு எழுத ஆரம்பித்தார்.

1939இல் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ் பாடிய ‘அக்வரேலா தோ பிரசில்’ பதிவைப் போட்டுக் கேளுங்கள். பாட்டு அரி பரோசோவுடையது. அதில் திரும்பத் திரும்பத் தட்டும் அந்தத் தாளக் கட்டும் அரி நினைத்ததுதான், ஆனால் அவர் அதை டபுள் பாஸுக்கு நினைத்திருந்தார். ஞத்தாலி ஐந்து சாக்சபோன்களுக்குக் கொடுத்தார். மாற்றம் இவ்வளவுதான். பாஸில் வந்திருந்தால் அடியில் முணுமுணுத்துக்கொண்டு கிடந்திருக்கும். சாக்சபோனுக்கு வந்ததும் முன்னால் வந்து நின்றுவிட்டது. இன்றைக்கு அந்தப் பாட்டை யாராவது முணுமுணுத்தால், வரிக்கு நடுவே இந்தத் தட்டலையும் வாயாலேயே வாசித்துவிடுகிறார்கள். எந்த வாத்தியம், எந்த ஸ்தாயியில், எத்தனை பேர் சேர்ந்தால் என்ன ஒலி வரும் என்கிற கணக்கு கன்சர்வேட்டரியில் கற்றதில்லையா? படிப்பு எங்கே வீணாயிற்று?

திட்டு வாங்காமலும் இல்லை. சாம்பாவுக்கு வயலின் எதற்கு என்று கேட்டார்கள். ஒன்பதாம் ஸ்வரம் சேர்ந்த கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, கேட்டுவிட்டு அமெரிக்க ஜாஸ் வாடை என்றார்கள். இந்தக் கார்டுகளையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர், பின்னால் போஸா நோவா பாட்டுகளால் பேர் வாங்கிய இளைஞர் ஜோபிம். 1954இல் ஜோபிமும் பில்லி பிளாங்கோவும் எழுதிய ரியோ சிம்பொனிக்கு வாத்திய அமைப்பு செய்தது ஞத்தாலிதான். சாம்பாவும் ஜாஸும் கலந்த அந்தப் போஸா நோவாவுக்கு அப்பா யார் என்ற சண்டைக்கு நான் வரவில்லை, தாத்தா இவர்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது எதிர்த்திசையில் நடந்தது. ரேடியோவில் கூட வேலை பார்த்தவர்களுக்காக இவர் கன்செர்ட்டோ எழுதினார், ஒற்றைக் கலைஞர் இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு. மவுத் ஆர்கனுக்கு ஒன்று, அக்கார்டியனுக்கு ஒன்று. கிதார் வாசித்த கரோட்டோ ரேடியோக்காரர், இவருடைய கன்செர்ட்டினோவை (சின்ன கன்செர்ட்டோ) 1953இல் ரியோ முனிசிபல் தியேட்டரில் போய் வாசித்தார். இவற்றில் சில எனக்கு ஒட்டுவதில்லை, நெரிசல் அதிகம். 1956இல் எழுதிய ‘ரெத்ராதோஸ்’ அப்படியில்லை. பிஷிங்கீஞ்யா, நசரே, அனக்லேதோ, ஷிகீஞ்யா கொன்சாகா என்று பிரேசில் இசையின் முன்னோர் நால்வருக்கு இசையில் நான்கு உருவப்படங்கள். நடுவில் ஒரு மாண்டலின், சுற்றிலும் ஷோரோ என்கிற பிரேசில் வாத்திய இசையின் குழு, பின்னால் தந்தி வாத்தியக் குழு.

மாண்டலின் பகுதி எழுதப்பட்டது ஜாகோப் தோ பாந்தோலிமுக்காக. கேள்வி ஞானத்தில் உச்சத்துக்குப் போன மனிதர் அவர். 1964 கார்னிவலுக்கு ரியோவே தெருவில் ஆடிக்கொண்டிருக்க, இவர் வீட்டுக்குள் அடைந்துகொண்டு அந்த நோட்ஸை வரி வரியாகப் பிரித்துச் சாதகம் செய்தார். அப்படி அடைந்து கிடந்தது வீண்போகவில்லை என்று ஞத்தாலிக்கு அவரே கடிதமும் எழுதினார்.

1979இல் ஞத்தாலிக்கு வயது எழுபத்து மூன்று. இசைக்குழு இல்லாமல் இதை வாசிக்க முடியுமா என்று மாண்டலின் கலைஞர் ஜோயல் நாசிமெந்தோ கேட்டார். அத்தனை வயலின்கள் வாசித்ததையும் கிழவர் சில கிதார்களுக்கும் ஒரு கவக்கீஞ்யோவுக்கும் (நான்கு தந்திச் சின்ன கிதார்) பிரித்து எழுதிக் கொடுத்தார். வாசித்தவர்களில் இருபதைத் தொடாத பையன் ஒருவன், ரஃபயேல் ரபெல்லோ.

ஜாகோப் இசைக்குழுவோடு வாசித்தது, ஜோயல் சின்னக் குழுவோடு வாசித்தது, இரண்டு பதிவுகளும் கிடைக்கின்றன. கீபோர்டில் ஸ்டிரிங்ஸ் டோன் போட்டு வாசிக்கிறவர் நீங்கள். ‘ரெத்ராதோஸில்’ நசரேயின் உருவப்படமாக வரும் வால்ட்ஸை இரண்டிலும் கேட்டுப் பார்த்து, வயலினிடமிருந்து கிதாருக்கு எது போயிற்று, எது விடுபட்டது என்று எனக்கு எழுதுங்கள். என் காதுக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை.