முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 38 வயது. வணிகவியல் படித்தவள். கோவையில் ஒரு நூற்பாலையில் 11 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தேன். சிறுநீரக நோயோடு இரண்டு ஆண்டுகள் போராடி, போன ஆவணியில் என் கணவர் இறந்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன். வைத்தியத்துக்கு வீட்டை விற்றோம். இப்போது 12 வயது மகனோடு ராமநாதபுரம் மாவட்டம் வேதாளை பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். அம்மா கடலில் பாசி பறிப்பவர். "நீ இந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றுதானே படிக்க வைத்தேன்" என்று அழுகிறார். மிச்சம் இருப்பது 2,80,000 ரூபாய். அதில் மீன்பிடிக்கப் பழைய ஃபைபர் வள்ளம் (சிறு படகு) ஒன்று வாங்கிவிடலாம், மீதியை வியாபாரியிடம் முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். மகன் பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை. தோற்றுப்போய் ஊருக்கு வந்தவள் என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு மனிதரைக் கடைசிவரை கைவிடாமல் பார்த்துக்கொண்டதற்கு எந்த ஊரிலும் தோல்வி என்று பெயர் கிடையாது. நம் கரையில் நிச்சயமாகக் கிடையாது.

என் அப்பாவைப் பெற்றவர்கள் தனுஷ்கோடிக்காரர்கள். 1964 டிசம்பர் 22 இரவு கடல் ஊருக்குள் வந்தது. ரயிலையே கொண்டுபோனது. பிறகு, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. பிழைத்தவர்கள் தீவுக்குள்ளேயே ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று ஒதுங்கினார்கள். என் பாட்டி சாகும்வரை தங்கச்சிமடத்தை "இந்த ஊர்" என்றுதான் சொன்னார். "நம் ஊர்" என்றால் அது தனுஷ்கோடி. ஆனால் இந்த ஊரின் கருவாட்டுக் களத்தில் அவர் குனிந்து காரல் மீன் பரப்பாத நாள் இல்லை. மனது அங்கேயே இருக்கட்டும், கை இங்கே வேலை செய்யட்டும் என்று விட்டிருந்தார். உங்களுக்கும் அது போதும். ஊரோடு உடனே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

இனி வள்ளம். வாங்காதீர்கள். அண்ணன் மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான், வள்ளம் போகலாம் என்று அவர் சொல்லியிருப்பார், அது உண்மைதான். ஆனால் அந்த மாதங்களிலேயே மன்னார் வளைகுடாவான தென்கடலில் காற்று எடுக்கத் தொடங்கிவிடும். நம் பெரியவர்கள் அதை ஆண் கடல் என்று சொன்னது சும்மா இல்லை. பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் அமைதியான பெண் கடல் என்றாலும், வாடைக்காற்று வந்துவிட்டால் அதுவும் யாருக்கும் அடங்காது. காற்றில் வள்ளம் கரையில் கிடக்கும் நாளிலும் முன்பணக் கடன் சும்மா கிடக்காது. வட்டி கேட்காத வியாபாரிகூட மீனை எனக்கே போடு என்பார். விலையை அவரே சொல்வார். ஒரு பருவம் மோசமாகப் போனால் வள்ளம் பெயருக்கு உங்களுடையது, மீன் அவருடையது. அந்த 2,80,000 ரூபாய் உங்கள் கணவர் விட்டுப்போன கடைசிப் பாதுகாப்பு. ஓராண்டுக்கு அது வங்கியிலேயே இருக்கட்டும். அண்ணன் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த ஓராண்டு என்ன செய்வது? கரைக்குப் போங்கள். கையில் ஒரு நோட்டோடு போங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் அம்மா நண்டு வலை கழித்தவர். விடியும் முன்பே மணலில் உட்கார்ந்து, வலைக்கண்ணில் சிக்கிய காலை ஒவ்வொன்றாக மடக்கி, உடையாமல் எடுப்பார். கால் உடைந்த நண்டுக்கு விலை பாதிகூட வராது. அவ்வளவு பக்குவமாக எடுத்த நண்டைக் கூடையோடு எடை போட்டு, கூடைக்கு என்று ஒரு கிலோ கழிப்பார் நண்டு வாங்கும் வியாபாரி. கூடை அரைக் கிலோதான் இருக்கும். அம்மாவுக்கும் அது தெரியும். எழுதி வைக்கத்தான் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, பழைய அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். 24 நாளில் 12 கிலோ நண்டு போயிருந்தது. அதைக் காட்டியதும் வியாபாரி ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வெறுங்கூடையை முதலில் எடை போட்டார். எங்களுக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் அது முடிந்ததென்றால், ஒரு நூற்பாலையின் கணக்கைப் பார்த்த உங்களால் எவ்வளவு முடியும்! ஈரப்பாசிக்கு என்ன விலை, காய்ந்ததற்கு என்ன விலை, எவ்வளவு கழித்தார்கள், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி. அம்மாவிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தாமாகவே துண்டுச் சீட்டுகளைக் கொண்டுவருவார்கள். மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுத ஆள் எப்போதும் தேவை.

பாசிக்கு இறங்குவதா என்று கேட்டால், அம்மாவின் விரல்களை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். துணி சுற்றிக்கொண்டு போயும் பாறை கிழித்த தழும்புகள் இருக்கும். பாதத்தில் தகடு கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கும் வேலை 38 வயதில் புதிதாகத் தொடங்குவதற்கு உரியதல்ல. ஆனால் அந்தப் பெண்களை எளிதாக எண்ணிவிடாதீர்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, இரும்பால் சுரண்டக் கூடாது என்று தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். 2015-இல் அவர்களில் ஒருவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது தந்தது. உங்கள் அம்மா அந்த வேலையைச் செய்து உங்களைப் படிக்க வைத்தவர். அவர் அழும்போது இதைச் சொல்லுங்கள்.

மிதவையில் பாசி வளர்ப்பது வேறு, அதை யோசிக்கலாம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை. கடல் சூடேறினால் பாசி வெளுத்து உதிர்ந்துவிடும், வாடையில் மிதவையே அறுந்துபோகும். ஒரு சுற்று முழுக்கக் கூட இருந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

குடும்ப அட்டையை இந்த வாரமே ஊருக்கு மாற்றுங்கள். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக முடியுமா என்று கேளுங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. தொகை சிறியதுதான், மழைக்காலத்தில் அரிசிக்கு ஆகும்.

மகனைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அப்பாவை இழந்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியோடு கரைக்கு அனுப்புங்கள். எடை போடும்போது எண்ணை அவன் படித்துச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். முதலில் எண்கள் மட்டும் பேசுவான்.

மாசியில் ஊருக்கு வருகிறேன். நோட்டை எடுத்து வையுங்கள், அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா