அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் செய்ய ஐந்து நாள் பயணத்தை எப்படித் திட்டமிடலாம்?

சென்னையிலிருந்து மார்ச்சில் ஐந்து நாள், இரண்டு பேர், நீச்சல் தெரியாது என்று கேட்டிருக்கிறீர்கள். மாதம் சரியான தேர்வு. கடல் அமைதியாக இருக்கும். திட்டத்தை மட்டும் திரும்பி வரும் விமானத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

பலரும் விமானம் இறங்கும் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) செல்லுலார் சிறை, ராஸ் தீவு எல்லாம் பார்த்துவிட்டு ஹேவ்லாக்கைக் கடைசியில் வைக்கிறார்கள். தலைகீழ். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூச்சோடு போகும் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும், வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் விமானம் ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான், உடம்புக்குள் குமிழி கிளம்பும். ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பார்கள். நான் ஒரு முழு நாளே விட்டுவிடுவேன்.

ஆகவே விமானம் இறங்கிய அன்றே மதியக் கப்பலில் ஹேவ்லாக் போய்விடுங்கள். டிக்கெட்டில் சுவராஜ் த்வீப் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அதே தீவுதான். இரண்டாம் நாள் காலை டைவிங். மூன்றாம் நாளைச் சும்மா வையுங்கள். நான்காம் நாள் போர்ட் பிளேர் திரும்பிச் சிறையைப் பாருங்கள்.

அந்தச் சும்மா நாள்தான் என்னைக் காப்பாற்றியது. முதல் முயற்சியில் நான்கு மீட்டர்கூடப் போகவில்லை, காதில் ஊசி குத்துவது போல வலி. மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதினால் காது ‘பொட்’ என்று திறக்க வேண்டும்; லேசான மூக்கடைப்பு இருந்ததால் திறக்கவில்லை. பயிற்றுநர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் ‘சூப்பர்’ என்று நினைத்துப் பதிலுக்குக் காட்டினேன். தண்ணீருக்கடியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தமாம்! அன்று கரையில் இளநீரோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காது திறந்தது. கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடலுயிரிக்குள்ளிருந்து ஒரு கோமாளி மீன் என் முகமூடியை முட்ட வந்ததைப் பார்த்தேன். அதுவும் மாத்திரை போடாமல். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். அதன் வேகம் பாதியில் தீர்ந்தால் மேலே ஏறும்போது காது மாட்டிக்கொள்ளும்.

நீச்சல் பற்றிக் கவலை வேண்டாம். முதல்முறை இறங்குபவர்களைப் பயிற்றுநர் பிடித்தபடியே கூட்டிப் போவார், ஆழமும் 12 மீட்டருக்கு மேல் போகாது. சான்றிதழ்ப் பயிற்சி என்றால்தான் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள், ஊரிலேயே மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பவளம் வண்ண வண்ணமாக இருக்கும் என்று ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள். 2010-இல் கடல் சூடாகி அங்கே நிறைய வெளுத்துப்போனது. மீன்களுக்குக் குறைவில்லை. உடைந்த பவளத் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது, வனவிலங்குச் சட்டம் பாயும்.

அப்புறம், ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு நான்கு மணிக்கே போய்விடுங்கள். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் சூரியன் அங்கே ஐந்தரை வாக்கில் மறைந்துவிடும்.