குடிக்காதவருக்கு ஈரலில் ஏன் கொழுப்பு?

கேள்வி: விருதுநகரில் பருப்பு மண்டியில் கணக்கெழுதுகிறேன். வயது 46, எடை 82 கிலோ. குடிப்பழக்கம் கிடையாது. வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று வந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதாமல், "வெயிட்டைக் குறைங்க, நடங்க" என்று அனுப்பிவிட்டார். மறைவாகக் குடிக்கிறேனோ என்று வீட்டில் சந்தேகம் வேறு. இரண்டு மாதமாக எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவில்லை. எடை இறங்கவே இல்லை. காலையில் சர்க்கரை போட்டு டீ, மண்டியில் ஐந்து டீ, இரவு ஆறு தோசை, அவ்வளவுதான் என் சாப்பாடு. மனைவி கீழாநெல்லிச் சாறு தருகிறாள். இதற்கு மருந்தே கிடையாதா? சனிக்கிழமை எண்ணெய் பரோட்டா சாப்பிடலாமா?

பதில்: முதலில் இந்தப் பக்கத்தை வீட்டம்மாவிடம் காட்டுங்கள். ஒரு சொட்டுகூடக் குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு சேரும். தேவைக்கு மேல் உள்ளே போகிற சீனியையும் மாவையும் ஈரல் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். தொப்பையிலிருந்து ரத்தத்தில் இறங்குகிற கொழுப்பும் அங்கேதான் போய்ச் சேரும்.

உங்கள் டாக்டர் மருந்தைச் சொல்லிவிட்டார், அளவைத்தான் சொல்லவில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், என் ஸ்கேனிலேயே அதே வரி வரும்வரை. அளவு இதுதான்: 82-இல் 4 கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். 6 முதல் 8 கிலோ குறைந்தால், உள்ளே வீக்கம் இருந்தால் அதுவும் தணிய வாய்ப்பு உண்டு. வாரத்துக்கு அரைக் கிலோ போதும். பட்டினி கிடந்து சடாரென்று இறக்கினால் ஈரலுக்கே கெடுதல்.

எண்ணெயை விட்டும் ஏன் இறங்கவில்லை? டீயை எண்ணுங்கள். ஆறு டீ, ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் நாளைக்குப் பன்னிரண்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 60 கிராம். மாதத்துக்குப் பலசரக்குக் கடை கணக்கில் இரண்டு கிலோ பொட்டலம். கணக்கெழுதுகிறவர் நீங்கள், இந்த வரவை மட்டும் பேரேட்டில் ஏற்றாமல் விட்டுவிட்டீர்கள்! சீனி இல்லாத டீக்கு நாக்கு பழக எனக்குப் பதினைந்து நாள் பிடித்தது. முதல் மூன்று நாள் சிடுசிடுவென்றுதான் இருந்தேன். சீனி போடாத காபியும் குடிக்கலாம், ஈரலுக்கு நல்லதுதான்.

இரவு ஆறு தோசையை மூன்றாக்குங்கள். மீதி வயிற்றுக்குக் கெட்டியான சாம்பார், பொரியல், முட்டை. உளுந்தும் பாசிப்பயறும் மூட்டை மூட்டையாகக் கண்ணெதிரே கிடக்கிற ஊரில் புரதத்துக்குப் பஞ்சமா? பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸ் போடாதீர்கள்.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம். ஐந்து நாள், அரைமணி நேரம். கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். தராசு முள் அசையாத மாதத்திலும் நடையை நிறுத்தாதீர்கள். எடை குறையாவிட்டாலும் ஈரல் கொழுப்பு ஓரளவு குறையும்.

கீழாநெல்லி நம் பாட்டிமார் மஞ்சள் காமாலைக்குக் கொடுத்தது. அது ஈரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. 'லிவரைச் சுத்தம் செய்யும்' என்று விற்கிற பொடிகள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் சிலவற்றால் ஈரல் கெட்டு வந்தவர்கள் உண்டு. மருந்தே இல்லை என்பதும் சரியில்லை. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஈரலில் வீக்கத்தோடு தழும்பும் விழுந்தவர்களுக்கு.

உங்களுக்குத் தழும்பு உண்டா என்று கிரேடு 1 சொல்லாது, அது கொழுப்பை மட்டுமே காட்டும். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு ஈரல் நொதிகள், பிளேட்லெட் என்ற தட்டணுக்கள் மூன்றும் பார்த்து, வயதோடு சேர்த்து ஃபிப்-4 என்ற தழும்புக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். 1.3-க்குக் கீழே என்றால் கவலை குறைவு; மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்க்காமல் விடாதீர்கள்.

எண்ணெய் பரோட்டாவா? விருதுநகர்க்காரரிடம் அதை விடு என்று சொல்லி எனக்கு ஏன் பொல்லாப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டோடு எழுந்துவிடுங்கள். அன்றைக்குக் கடைக்கு நடந்தே போய் வாருங்கள்.