100 மீட்டர் சரிவு, வரைபடத்தில் 2 மில்லிமீட்டர்

கேள்வி: செயற்கைக்கோள் படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நாட்டின் புவியியல் வரைபடமும் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்கிறார்கள். இனி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை எதற்கு? கனிமத் தேடலைத் தனியாரிடம் விட்டுவிடலாமே?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: விடலாம். விலைபோகும் கனிமத்தை அவர்கள் தேடுவார்கள். சரியப்போகும் மலையை யார் தேடுவது?

இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட புவியியலாளர் தாமஸ் ஓல்டாம் 1851-இல் கல்கத்தாவுக்கு வரவழைக்கப்பட்டது நிலக்கரிக்காகத்தான். ஆனால் வேலை கரியோடு நிற்கவில்லை. 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த அவர் மகன் ஆர்.டி. ஓல்டாம், நிலநடுக்க அலைகளை வகை பிரித்துக் காட்டினார். உங்கள் பக்கத்து நெய்வேலியில் 1940-களில் துளையிட்டுப் பழுப்பு நிலக்கரியைக் கணக்கிட்டதும் இதே துறை.

செயற்கைக்கோளுக்கு மேல்தோல்தான் தெரியும். மண்ணும் காடும் மூடிய இடத்தில், சதுர கிலோமீட்டருக்கு ஒன்றாக ஓடை வண்டலை அள்ளிச் சலித்து, தனிமங்களை அளந்துதான் ஆக வேண்டும். பித்தளைச் சல்லடையில் சலித்தால் செம்பும் துத்தநாகமும் கூடிக் காட்டும்; விரலில் மோதிரம் இருந்தால் தங்கக் கணக்கே கெடும். பாலத்துக்கடியில், உரம் போட்ட வயலோரத்தில் எடுத்த மாதிரியை நம்பவே கூடாது. இந்தப் பொறுமையான வேலைக்கு உடனடி லாபம் கிடையாது.

'முடிந்துவிட்ட' வரைபடத்தின் அளவு 1:50,000. அதில் 1 செ.மீ. என்பது தரையில் அரை கிலோமீட்டர். 100 மீட்டர் அகலச் சரிவு 2 மி.மீ. கோடு. நிலச்சரிவு அபாய வரைபடமும் இதே அளவில்தான். எந்த வட்டாரம் ஆபத்து என்று அது சொல்லும். எந்தத் தெரு என்று சொல்லாது. எந்த நாள் என்றும் சொல்லாது.

தெருவைச் சொல்ல 1:10,000 அளவாவது வேண்டும். ஒவ்வொரு சரிவிலும் ஏறி, மண் எவ்வளவு கனம், பாறை வெடிப்புகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, சாலை போட்டபோது எந்த ஓடை அடைபட்டது என்று குறிக்க வேண்டும். வெடிப்பும் சரிவும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, வெடிப்பின் சாய்வு சரிவைவிடக் குறைவாகவும் இருந்தால், அடிவாரத்தை வெட்டியதுமே மேலுள்ள பாறைக்குத் தாங்கல் போய்விடும். மழையில் நீர் உள்ளே இறங்கினால் அது வழுக்கி வரும். எந்த நாள் என்று சொல்லவோ, மழைமானி மலைமேல் இருக்க வேண்டும். பள்ளத்து ஊரில் பதிவான மழை, உச்சியில் பெய்ததற்குச் சாட்சியாகாது.

நான் கேட்பது இதுதான்: நீலகிரி, வயநாடு, டார்ஜிலிங் போன்ற இடங்களுக்கு முதலில் இந்தப் பெரிய அளவு வரைபடத்தைப் போடுங்கள். கட்டட அனுமதி தரும் உள்ளாட்சி அலுவலகத்தில், சர்வே எண்ணோடு பொருத்தி வையுங்கள். அதைப் பார்க்காமல் எந்தப் பிளானிலும் கையெழுத்து விழக்கூடாது.