வாசகர் கேள்வி–பதில்: ஈதர்நெட் கேபிளில் கரண்ட்

கேள்வி: எங்கள் விடுதியில் ஆறு சாதாரண கமராக்களும் இரண்டு சுற்றும் கமராக்களும் உள்ளன. எட்டுக்கும் ஒரே பி.ஓ.இ. சுவிட்சிலிருந்துதான் (டேட்டா போகும் ஈதர்நெட் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் சுவிட்ச்) கேபிள் வழியே கரண்ட் போகிறது. பகலில் பிரச்சினை இல்லை. இருட்டிய பிறகு 7ஆம், 8ஆம் போர்ட்டில் உள்ளவை நின்று நின்று வருகின்றன. கமரா பழுதா? — உப்புவெளி வாசகர்

பதில்: கமராவில் கை வைக்காதீர்கள். இருட்டியதும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 4, 5 வாட் எடுத்த கமரா இரவில் 8 வாட் கேட்கும். சுற்றும் கமரா 15 வாட் வரை போகும். சுவிட்சின் அடப்டரைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 52 வோல்ட், 1.25 அம்பியர் என்றிருந்தால் மொத்தமே 65 வாட். அதிலும் சுவிட்ச் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உங்கள் இரவுக் கணக்கோ ஆறெட்டு 48, சுற்றும் கமராக்களுக்கு 30, ஆக 78. சுமை மீறினால் பல சுவிட்சுகள் கடைசிப் போர்ட்டுகளைத்தான் முதலில் துண்டிக்கும். சற்றுப் பொறுத்து மறுபடி கொடுத்துப் பார்க்கும், மறுபடி துண்டிக்கும்.

பெட்டியில் 'போர்ட்டுக்கு 30 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எட்டுப் போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் 30 கிடைக்கும் என்பதல்ல அதன் பொருள். வாங்கும்போது மொத்த வாட்டைக் கேளுங்கள். பி.ஓ.இ.க்கென 2003இல் வந்த 'ஏ.எஃப்.' தரத்தில் போர்ட்டிலிருந்து 15.4 வாட் புறப்படும். கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 மட்டும். 2009இன் 'ஏ.டி.' தரத்தில் 30 புறப்பட்டு 25.5 சேரும். சுற்றும் கமராவுக்கு 'ஏ.டி.' போர்ட் கட்டாயம்.

இன்றிரவே சோதிக்கலாம். சுற்றும் கமரா இரண்டின் கேபிளையும் சுவிட்சிலிருந்து கழற்றி விடுங்கள். மற்ற ஆறும் விடியும்வரை நிற்காமல் ஓடினால் காரணம் இதுதான். அவை இரண்டுக்கும் தனித்தனி 30 வாட் இன்ஜெக்டர் (ஒரு கேபிளுக்கு மட்டும் கரண்ட் ஏற்றும் சிறு பெட்டி) போட்டால் இருக்கிற சுவிட்சே போதும். இல்லையேல் 120 வாட் சுவிட்சுக்கு மாறுங்கள்.

கேள்வி: மூதூரில் எங்கள் கூரையில் வயர்லெஸ் ரேடியோ ஒன்று இருக்கிறது. அதன் 24 வோல்ட் இன்ஜெக்டரிலிருந்து 80 மீற்றர் புதுக் கேபிள் இழுத்தோம். அதிக டேட்டா போகும்போதெல்லாம் ரேடியோ ரீஸ்டார்ட் ஆகிறது. கேபிள் டெஸ்டரில் எட்டுக் கம்பிக்கும் உரிய எட்டு விளக்கும் எரிகின்றன. — மூதூர் வாசகர்

பதில்: எட்டு விளக்கும் எரிந்தால் கம்பி அறுபடவில்லை என்பது மட்டும் தெரியும். எவ்வளவு தடை என்று அந்த டெஸ்டர் சொல்லாது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சி.சி.ஏ. கேபிளை உங்களுக்குத் தந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். மலிவு என்பதால் கடைகளில் அதுதான் முதலில் கைக்கு வருகிறது.

80 மீற்றர் தூய செம்பில், 24 கேஜ் தடிப்புள்ள கம்பியில், போக இரண்டு, வர இரண்டு கம்பி என்று இன்ஜெக்டர் பயன்படுத்தும்போது போய்வரும் தடை ஏறத்தாழ 6.7 ஓம். சி.சி.ஏ.யில் 11 ஓம். ரேடியோ 12 வாட் எடுக்கும் நேரத்தில் செம்பு வழியே 20 வோல்ட் போய்ச் சேரும், சி.சி.ஏ. வழியே பதினைந்தரைதான். வோல்ட் இறங்க இறங்க ரேடியோ கூடுதல் அம்பியர் இழுக்கும், அதனால் கேபிளில் இழப்பு இன்னும் கூடும். இதே கேபிளில் 48 வோல்ட் கொடுத்தால் மறுமுனையில் 45 நிற்கும். நீண்ட தூரத்துக்கு 24 வோல்ட் ஏற்றதல்ல என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஆனால் ரேடியோவின் லேபிளில் 48 வோல்ட் ஏற்கும் என்று இல்லாவிட்டால் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

கேபிளைச் சோதிக்க, ஒரு கம்பியின் மேற்பரப்பைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். மல்டிமீற்றர் இருந்தால் இரண்டு முனையையும் கழற்றி, ஒரு சோடியை மறுமுனையில் முறுக்கிச் சேர்த்து இந்த முனையில் அளவுங்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இங்கே கம்பி பாதிதான் என்பதால் 80 மீற்றர் செம்புக்கு முன்சொன்னதன் இருமடங்காகச் சுமார் 13.5 ஓம் வரும். 20ஐத் தாண்டினால் கேபிளை மாற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தரப்படியான பி.ஓ.இ. சுவிட்ச் முதலில் சிறிய வோல்ட் அனுப்பி, எதிரே 25 கிலோ ஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று பார்த்த பிறகே 48 வோல்ட் கொடுக்கும். லப்டொப் செருகினாலும் ஆபத்தில்லை. உங்கள் 24 வோல்ட் இன்ஜெக்டர் எதையும் பார்க்காது. 4, 5ஆம் பின்களில் பிளஸ், 7, 8ஆம் பின்களில் மைனஸ், எப்போதும். அதன் பி.ஓ.இ. வாயில் கணினியைச் செருகினால் போர்ட் எரியலாம். அந்த வாய்க்குச் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: கடற்கரையோரக் கமராக்களின் பிளக் பச்சை பிடித்துவிடுகிறது. சிலிக்கோன் பூசியும் நிற்கவில்லை. — நிலாவெளி வாசகர்

பதில்: எந்தச் சிலிக்கோன்? வினாகிரி வாசம் அடித்தால் அதில் அசெற்றிக் அமிலம் வெளியாகிறது. அதுவே செம்பை அரிக்கும். 'நியூட்ரல்' வகை வாங்குங்கள். ஆனால் பிளக்கை நேரே பூசி மூடாதீர்கள். பிளக்கைப் பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து, கேபிள் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கமாக அமைத்து, நீர் புகாமல் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போடுங்கள். நுழைவதற்கு முன் கேபிள் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். மழைநீர் வளைவில் சொட்டிவிடும். பின்களில் மெல்லியதாக டைஎலக்ட்ரிக் (மின்கடத்தாத) கிரீஸ் தடவலாம்.

பச்சை பிடித்த பிளக்கைச் சுரண்டி மறுபடி போடாதீர்கள். வெட்டிவிட்டுப் புதிது கிரிம்ப் செய்யுங்கள். கரண்ட் ஓடும்போது பிளக்கை உருவினால் பின்னில் தீப்பொறி பறந்து பொன்முலாம் கருகும், உப்புக்காற்று அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும். சுவிட்சை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். வெயில் படும் இடத்தில் சாம்பல் நிற உள்ளறைக் கேபிள் வெடிக்கும். வெளிப்புறத்துக்கான கறுப்புப் பொலித்தீன் உறைக் கேபிள் வேண்டும்.

கேள்வி: மின்வெட்டின்போது சுவிட்சுக்கு யூ.பி.எஸ். போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்? — தம்பலகாமம் வாசகர்

பதில்: 12 வோல்ட், 7 அம்பியர்-அவர் பற்றரி ஒன்று உள்ள சிறிய யூ.பி.எஸ்.ஸில் 50 வாட் சுமைக்கு முக்கால் மணி நேரம் எதிர்பார்க்கலாம், பற்றரி புதிதாக இருந்தால். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு யூ.பி.எஸ். காப்பாகாது. இரண்டு கட்டடங்களுக்கிடையே செம்புக் கேபிள் ஓடினால் அந்தத் துண்டை மட்டும் மின்சாரம் கடத்தாத ஃபைபராக மாற்றி, அந்தப் பக்கம் தனி பி.ஓ.இ. சுவிட்ச் வையுங்கள்.