‘மேட்ச் என்னாச்சு?’ என்று மகன் மூன்று தடவை கேட்டான்

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில், கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். “போன ஞாயிறு ஆட்டத்தில் இன்னொரு பையனோடு தலை முட்டிக்கொண்டது. எழுந்து கடைசி வரைக்கும் ஆடினான். பஸ்ஸில் வரும்போது மேட்ச் என்னாச்சு என்று மூன்று தடவை கேட்டானாம், கூட வந்த பசங்க சொல்லிச் சிரிக்கிறார்கள்.”

சிரிக்கிற விஷயம் இல்லைங்க அது. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். இப்படிப் பிள்ளைகள் இருக்கிற மற்ற வீடுகளுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி வேறு. ரக்பிக்காரர்கள் ரத்தம் ஒழுக ஒழுக ஆடுகிறார்கள், அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்கள் எருமைக்கடா மாதிரி மோதுகிறார்கள், சாக்கர், அதாவது நம் ஊர்க் கால்பந்து, ஆடுகிறவர்கள் மட்டும் லேசாகத் தட்டினாலே உருளுகிறார்களே, யார் உறுதி? பத்தொன்பது வயது மகன் கோவைக் கல்லூரியில் சாக்கர் ஆடுகிறான், ஹாஸ்டலில் இதையே சொல்லி அவனைச் சீண்டுகிறார்கள். “பையன் பூஞ்சையா போயிட்டானுங்களா டாக்டர்?” என்ற வரிக்காகத்தான் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள்.

பூஞ்சை இல்லை. சாக்கரில் 90 நிமிடத்தில் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறவர்கள் ஏராளம். ரக்பி 80 நிமிடம், இரும்புத் தொப்பி கிடையாது, உடம்போடு உடம்பு மோத வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு மோதலும் சில விநாடிதான், ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் முழு வேகத்தில் வந்து இடிக்கிறார்கள். மூன்றும் வேறு வேறு உடம்பு கேட்கிற ஆட்டங்கள். சாக்கர் ஆட்களின் உறுதி பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். 1956இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன், ஆட்டம் முடியச் சுமார் 17 நிமிடம் இருக்கும்போது கழுத்தில் அடிபட்டு, அப்படியே நின்று கோலைக் காத்தார். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. ஊரே அதை வீரம் என்கிறது. நான் மருத்துவன், எனக்கு அந்த 17 நிமிடத்தை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் மகனுக்கு நடந்தது, 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்கு நடந்ததேதான். 17ஆவது நிமிடம் வாக்கில் எதிரணி வீரரின் தோள் முகத்தில் இடித்தது. எழுந்தார், ஆடினார். கொஞ்ச நேரத்தில் நடுவரிடம் போய், “இது ஃபைனல்தானா?” என்று கேட்டார். நடுவர் அதை அணியின் மூத்த வீரரிடம் சொல்ல, 31ஆவது நிமிடத்தில் வெளியே அழைத்தார்கள். உலகமே பார்த்த ஆட்டத்தில், அணி மருத்துவர்கள் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்திருக்க, குழம்பிய மூளையோடு கால் மணி நேரம் ஆடியிருக்கிறார். உங்கள் பையன் ஆடிய மைதானத்தில் யார் இருந்தார்கள்?

கேட்டதையே திரும்பக் கேட்பது, ஸ்கோர் மறப்பது, வெறித்துப் பார்ப்பது, தள்ளாடுவது: இதில் ஒன்று இருந்தாலும் மூளை குலுங்கியிருக்கிறது என்று அர்த்தம். நினைவு தப்பியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. நீங்கள் தோப்பு வைத்திருப்பவர், உங்களுக்குத் தேங்காயைச் சொன்னால் போதும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கும். மட்டை உரிக்காத காயை ஆட்டினாலும் தளும்பத்தான் செய்யும். அமெரிக்கன் ஃபுட்பால் ஹெல்மெட் வாங்கித் தரலாமா என்று கேட்டீர்களே, அது மட்டை. ஓடு உடையாமல் காக்கும், உள்ளே தளும்புவதை நிறுத்தாது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் அந்த ஹெல்மெட்டோடுதான் ஆயுசுக்கும் ஆடினார். 2002இல் ஐம்பது வயதில் இறந்தபோது, அவர் மூளையைச் சோதித்த பென்னட் ஓமாலு என்ற மருத்துவர், திரும்பத் திரும்ப வாங்கிய அடியின் சிதைவை அதில் கண்டார்.

இப்போது ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்ட பிறகு தலைவலி நேரம் ஆக ஆகக் கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்பினால் எழாத தூக்கம் வந்தாலோ, யோசிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

காங்கேயம் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், மாரியம்மன் நோம்பிக்கு நடந்த இரவுக் கபடியில் ஒரு பையனின் பொட்டில் எதிராளியின் முழங்கால் பட்டது. எழுந்து தொடை தட்டி இன்னும் இரண்டு ரெய்டு போனான். முடிந்ததும் பரோட்டா சாப்பிட்டான், தலை வலிக்கிறது என்று டெம்போவின் பின்னால் படுத்துக்கொண்டான். குறட்டை விட்டான். அசதி என்று விட்டுவிட்டார்கள். விடிகாலை என்னிடம் கொண்டுவந்தபோதும் அதே குறட்டை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். ஒரு கண்ணின் பாப்பா சுருங்கியது, இன்னொன்று அகலத் திறந்தபடியே நின்றது. மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. கோவைக்கு அனுப்பி, ஓட்டைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். பிழைத்தான். நடுவில் அவன் நன்றாக இருந்த அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் எல்லாரையும் ஏமாற்றியது.

உங்கள் மகனுக்கு நாள் கடந்துவிட்டது, வாந்தி இல்லை, நன்றாக எழுகிறான் என்று போனில் சொன்னீர்கள். நல்லது. ஆனால் தலைவலி விடவில்லை, வெளிச்சம் கூசுகிறது. அதற்கு நான்கு நாளாக மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை! இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், அடிபட்ட முதல் இரண்டு நாளில் அவை கூடவே கூடாது. அது போக, வலி கூடுகிறதா குறைகிறதா என்று தெரிவதுதான் நமக்கு இருக்கிற ஒரே மணி. அந்த மணியின் நாக்கைப் பிடித்துக் கட்டிவிட்டால் எப்படி? தாங்க முடியாவிட்டால் பாரசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு.

வருகிற ஞாயிறு ஆட வேண்டும் என்கிறான் அல்லவா? முடியாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கிவிடலாம். 2011இல் வட அயர்லாந்தில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் ரக்பி ஆட்டத்தில் தலையில் அடி வாங்கிய பிறகும் ஆடி, மைதானத்திலேயே சரிந்தான், பிறகு மருத்துவமனையில் இறந்துபோனான். அமெரிக்காவில் 2009இல் வாஷிங்டன் மாநிலம் சட்டமே போட்டது: மூளை குலுங்கியதாகச் சந்தேகம் வந்தால் சிறுவர்களை உடனே வெளியே எடு, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்காதே என்று. பிறகு எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நம் ஊர் மைதானத்தில் அந்தச் சட்டம் நீங்கள்தான். தலைவலி முழுக்க விட்ட பிறகு நடை, அப்புறம் மெதுவான ஓட்டம், அப்புறம் பந்தோடு தனியாகப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். முட்டி மோதுகிற ஆட்டம் கடைசியில். இந்த வயசுப் பையன்களை மூன்று வாரத்துக்குள் நான் மைதானத்துக்கு அனுப்புவதில்லை.

மற்றதெல்லாம் சட்டென்று முடித்துவிடலாம். முழங்கால் சொடுக்குவது வலியும் வீக்கமும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கட்டைவிரல் நகம் கறுத்தது ஷூ இறுக்கம், விழுந்து முளைக்கும். ராத்திரி கெண்டைக்கால் பிடிப்புக்குத் தண்ணீரும், ஆட்டத்துக்குப் பிறகு காலை நீட்டி மடக்குவதும் போதும். புரோட்டீன் பவுடர் டப்பாவை மூடி வையுங்கள், வீட்டில் கொள்ளுப் பருப்பும் முட்டையும் இருக்கிறது.

தலையால் பந்தை முட்டினால் நாற்பதில் மறதி வரும் என்று மகன் பார்த்த வீடியோவை நம்பி ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டாம். 2019இல் கிளாஸ்கோவில் வந்த ஆய்வில், ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் மறதி போன்ற மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. உண்மைதான், லேசான விஷயமும் அல்ல. ஆனால் அவர்கள் அதையே பிழைப்பாக வருஷக்கணக்கில் ஆடியவர்கள். அதே ஆய்வில் இதய நோயால் அவர்கள் இறப்பது குறைவாக இருந்தது. உங்கள் மகன் ஆடட்டும், தலை ஆறிய பிறகு.

நாளைக் காலை கூட்டி வாருங்கள். அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். முடிந்தால் ஹாஸ்டலில் அவனோடு ஒரே அறையில் படுக்கிற நண்பனையும் அழைத்து வாருங்கள். இந்த நாலைந்து ராத்திரி இவன் எப்படித் தூங்கினான் என்று நான் அந்தப் பையனிடம்தான் கேட்க வேண்டும்.